தீபத்தன்று திறக்கும் சாலை

(திருவண்ணாமலையில் நிகழ்த்திய பொதுக்கூட்டப் பேச்சின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய நண்பர்கள் வானத்தைப் பற்றியும் வையத்தைப் பற்றியும் பேசினார்கள். நான் தெருவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "தெருவைப் பற்றிப் பேசவா இவரை அழைத்தார்கள்?" என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் முகம் சுளிக்கிறார். சுளிக்கட்டும். இந்தத் திடலுக்கு அவர் எப்படி வந்தார்? வான்வழியாகவா? தெருவழியேதான் வந்தார். வந்தபோது சாக்கடைக்கும் சரக்கு லாரிக்கும் இடையே அவருக்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்பதை அவருடைய வேட்டிக்கரையே சாட்சி சொல்கிறது!

திருவண்ணாமலை என்றால் வெளியூரார்க்கு நினைவுக்கு வருவன யாவை? 2,668 அடி உயர மலை. அதனைச் சுற்றி 14 கிலோமீட்டர் பாதை. 217 அடி உயர இராசகோபுரம். கார்த்திகைத் தீபம். நான் மலை சுற்றும் வழக்கமுடையவன் அல்லன். அதை நீங்கள் அறிவீர்கள். மறைக்கவேண்டிய செய்தியும் அன்று. ஆனால், சுற்றுகிறவனுடைய காலைப் பற்றிக் கவலைப்படுகிறவன் நான். காலுக்கு ஆத்திகமும் தெரியாது, நாத்திகமும் தெரியாது. கல் குத்தினால் வலிக்கும். தார் காய்ந்தால் கொப்பளிக்கும். அவ்வளவுதான் அதன் சித்தாந்தம்.

தீபத்தன்று இந்த ஊரில் என்ன நடக்கிறது? எண்ணிப் பாருங்கள். வேலூர்ச் சாலையில், திண்டிவனம் சாலையில், திருக்கோவிலூர்ச் சாலையில், செங்கம் சாலையில், மணலூர்ப்பேட்டைச் சாலையில், அவலூர்ப்பேட்டைச் சாலையில், ஊரின் எல்லையிலேயே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் எழுகின்றன. கார்கள் வெளியே நிறுத்தப்படுகின்றன. அரசுப் பேருந்துகள் அணியணியாய் வருகின்றன. இலட்சக்கணக்கான மக்கள், முதியோர், கைக்குழந்தையை இடுப்பில் ஏந்திய பெண்கள், ஊன்றுகோலோடு வந்தவர்கள், நடுச்சாலையில் நடக்கிறார்கள். ஒலிப்பான் ஓசை இல்லை. ஓரம் போ என்ற உறுமல் இல்லை. குடிக்கத் தண்ணீர் வைக்கிறார்கள். கழிப்பிடம் அமைக்கிறார்கள். விளக்கு எரிகிறது. பௌர்ணமிதோறும் இதன் சிறு வடிவம் நடக்கிறது.

நான் கேட்கிறேன்: நடந்து வருகிறவனே சாலைக்கு உரியவன், பேருந்தே முதல் வண்டி, கார் கடைசி வண்டி என்று ஓர் ஊர் முழுவதையும் ஒரு நாள் ஒழுங்குபடுத்த முடிகிறதல்லவா? முடிகிறது என்பதற்கு ஆதாரம் வேண்டி நாம் அயல்நாட்டுக்குப் போகவேண்டியதில்லை. இந்த ஊர் ஆண்டுதோறும் தன் கையாலேயே மெய்ப்பித்துக் காட்டுகிறது. அப்படியிருக்க, மறுநாள் என்ன ஆகிறது? தடுப்புக் கம்புகளைக் கழற்றி வண்டியில் ஏற்றுகிறார்கள். அவற்றோடு சேர்த்து, நடப்பவனுடைய உரிமையையும் மூட்டை கட்டி அடுத்த பௌர்ணமிக்கு எடுத்து வைத்துவிடுகிறார்கள்! வெளியூரிலிருந்து ஒருநாள் வருகிறவனுக்குக் கிடைக்கும் சாலை, இந்த ஊரிலேயே பிறந்து, இங்கேயே வரி கட்டி, இங்கேயே வாழ்கிறவனுக்குத் திங்கட்கிழமை காலையில் கிடைப்பதில்லை. திருநாளுக்கு வழிவிடும் நகரம், பள்ளிக்கூட நாளுக்கு வழிவிட மறுக்கிறது.

சாலையில் நடப்பது ஏதோ சலுகை என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுகிறேன். 1924ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் வைக்கத்தில் ஒரு போராட்டம் தொடங்கியது. எதற்காக? கோயிலுக்குள் நுழைவதற்காகக்கூட அன்று. கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் மனிதன் மனிதனாக நடப்பதற்காக! ஈரோட்டிலிருந்து பெரியார் போனார். இருமுறை சிறைப்பட்டார். 1925இல் போராட்டம் முடிந்தபோதுகூட நான்கு தெருக்களும் முழுமையாகத் திறக்கவில்லை. கிழக்குத் தெருவுக்காக மேலும் காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 1924இல்தான், சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் குளத்திலும் எவரும் புழங்கலாம் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். ஒரு தெருவில் காலடி வைப்பதற்காகச் சிறைக்குப் போனவர்களின் வழித்தோன்றல்கள் நாம். சாதி நின்று மறித்த இடத்தில் இன்று கார் நின்று மறிக்கிறது. இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் வைக்கத்து வீரர்களைச் சிறுமைப்படுத்தியவன் ஆவேன். ஆனால், "பொதுச் சாலை யாருக்குரியது?" என்ற வினா அன்று எழுந்த அதே வினாதான்.

2025ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒன்றைச் சொல்லிற்று. தடையற்ற நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று! மூச்சுவிடும் உரிமை எந்தப் பிரிவில் அடங்குமோ அந்தப் பிரிவில் நடைபாதை அடங்கிவிட்டது. ஆனால், தீர்ப்பு டில்லியில் இருக்கிறது; நடைபாதையின் மேலோ இருசக்கர வண்டிகள் இருக்கின்றன.

நான் நாடகக்காரன். நீதி பற்றிய பேச்சு வந்தால் மனுநீதிச் சோழன் மேடைக்கு வந்துவிடுவான். தமிழன் எழுதி வைத்த கதைகளில் ஒரு முழுமையான சாலை விபத்து வழக்கு என்றால் அதுதான். இளவரசனின் தேர்க்காலில் கன்று சிக்கி மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. மன்னன் ஓடி வந்தான். கன்று ஏன் குறுக்கே வந்தது என்று அவன் கேட்கவில்லை. தேரைச் செலுத்தியவன் யார் என்று கேட்டான். அவனுக்குச் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் சிலையும் வைத்திருக்கிறோம். இன்று அந்தப் பசு வந்து மணியடித்தால்? காட்சியைப் பாருங்கள்:

பசு: ஐயா! என் கன்று...

அலுவலர்: பொறு, பொறு. கன்று சாலையின் எந்தப் பக்கமாக வந்தது?

பசு: பக்கம் ஏது ஐயா? ஓரத்தில் பள்ளம். அதையடுத்து கடைப்பலகை. அதையடுத்து நின்றுகொண்டிருந்த கார். மிச்சமிருந்த இடத்தில் வந்தது.

அலுவலர்: மிச்சமிருந்த இடம் தேருக்குரியது. ஆகவே அத்துமீறல். எழுதிக்கொள். தலைக்கவசம் அணிந்திருந்ததா?

பசு: கன்று ஐயா, கன்று!

அலுவலர்: கன்றானால் என்ன? கவனக்குறைவு கவனக்குறைவுதானே? கோப்பை முடி. மணியைக் கழற்றி உள்ளே வை, ஒலி மாசு!

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரித்து முடித்தபின் ஒரு கணக்கைக் கேளுங்கள். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாளொன்றுக்கு 49 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு இந்தியாவிலேயே முதலிடம் நம் தமிழகத்துக்கு: 64,105. கல்வியில் முன்னணி, மருத்துவத்தில் முன்னணி என்று மார்தட்டுகிற நாம், இந்த முதலிடத்தை எந்தச் சுவரொட்டியில் அச்சிடப் போகிறோம்? கணக்கு எங்கோ இருக்கிறது என்று எண்ணவேண்டாம். 2023 அக்டோபரில், இதோ இந்தச் செங்கம் சாலையில், செங்கத்துக்கு அருகே, பத்து நாளுக்குள் இரண்டு கோர விபத்துகள். ஒவ்வொன்றிலும் எழுவர் மாண்டனர்.

அந்தச் செங்கம் சாலையைச் சற்று உற்றுநோக்குங்கள். வரைபடத்தில் அது தேசிய நெடுஞ்சாலை. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாக இங்கு வந்து, செங்கம் கடந்து கிருட்டிணகிரிக்குப் போவது. அங்கிருந்து பெங்களூர் தொலைவில்லை. பயபக்தியோடு வருகிறவர்க்கோ அது மலையின் தென்பகுதியைச் சுற்றும் வழி. இரமணாசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டாருக்கு அது உலாவும் தெரு. அங்கே குடியிருப்பவர்க்குக் கடைத்தெரு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பாதை. ஒரே தார்ப்பட்டையின் மேல் பெங்களூர் லாரியும், வெறுங்காலோடு வரும் ஆந்திரத்து மூதாட்டியும், பூக்கூடைக்காரியும், மிதிவண்டியில் போகும் மாணவியும்! இதில் எவர் விதியை மீறினார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாதையே விதியின்றிக் கிடக்கிறதே! நெடுந்தூரச் சரக்கு வண்டிக்கு இந்த வழியில் வேலையில்லை. அதைப் புறவழியில் திருப்புவதற்குத் திருநாள் வரை காத்திருப்பானேன்? காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை, மாலை மூன்றரை முதல் ஐந்தரை வரை, பள்ளி நடக்கும் நாளெல்லாம் லாரி உள்ளே வரக்கூடாது என்றால் பெங்களூரில் பஞ்சமா வந்துவிடும்?

மிதிவண்டி மாணவி என்று சொன்னேன். அங்கேதான் என் நெஞ்சு நின்றுவிடுகிறது.

இந்த நாட்டில் ஓர் அரசு, பள்ளிப் பிள்ளைகளுக்கு மிதிவண்டியை இலவசமாகக் கொடுக்கிறது. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்குத் தொடங்கிய திட்டம். 2005-06 முதல் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மேல்நிலை மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிந்தது. ஆட்சிகள் மாறின, திட்டம் நின்றதில்லை. எவர் தொடங்கினார், எவர் விரித்தார் என்று கட்சிக் கணக்குப் பார்க்கவேண்டாத நல்ல காரியங்களுள் அது ஒன்று. பத்தாம் வகுப்போடு நின்றிருக்கவேண்டிய பெண், ஐந்து மைல் அப்பாலுள்ள பள்ளிக்குப் போனாள். படித்தாள். சரி. மிதிவண்டியைக் கொடுத்தோமே, அது ஓடுவதற்குப் பாதையைக் கொடுத்தோமா? படகைக் கொடுத்துவிட்டு ஆற்றை அடைத்த கதையல்லவா இது! ஒவ்வோர் ஆண்டும் புது மிதிவண்டிகள் வருகின்றன; பிள்ளைகள் அவற்றை ஏறி ஓட்டுகிறார்கள், லாரிச் சக்கரத்துக்கும் சாலையோரச் சரளைக்கும் நடுவே, ஒரு சாண் அகலத்தில். சில வீடுகளில் தாய் சொல்கிறாள்: "வண்டி வீட்டிலேயே கிடக்கட்டும், கண்ணு. நீ பஸ்ஸிலேயே போ." அந்தத் தாய் பழைமைவாதியா? பெண் கல்விக்கு எதிரியா? இல்லை, அவள் சாலையைப் பார்த்தவள்.

மிதிவண்டி ஒரு பெண்ணின் கையில் என்ன செய்யும் என்பதைத் தமிழகம் கண்ணாரக் கண்டிருக்கிறது. புதுக்கோட்டையில், 1991-92இல், அறிவொளி இயக்கம் எழுத்துக் கற்பித்ததோடு நில்லாமல் மிதிவண்டியும் கற்பித்தது. மாவட்ட ஆட்சித் தலைவராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். கல்லுடைக்கும் பெண்கள், வயல்வேலைப் பெண்கள், ஆயிரமாயிரமாய் ஏறினார்கள். ஏளனம் செய்தவர்கள் இருந்தார்கள். "பெண்பிள்ளைக்கு ஆண்வண்டி எதற்கு?" என்றார்கள். சைக்கிள் கடையில் பெண்கள் வண்டி தீர்ந்துபோனபோது, குறுக்குக் கம்பி வைத்த அந்த ஆண்வண்டியிலேயே ஏறிப் போனார்கள்! கணவன் வந்து கூட்டிப்போக வேண்டும், அண்ணன் வந்து அழைத்துவர வேண்டும் என்று காத்திருந்த காலத்தை இரண்டு சக்கரத்தால் உருட்டித் தள்ளினார்கள். நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். பட்டம் என் பெயருக்குப் பின்னால் இல்லை. ஆனால் அந்தப் பெண்கள் பெற்றது எந்தப் பட்டத்துக்கும் குறைந்ததன்று என்பதை உணரக் கல்லூரி தேவையில்லை.

"மிதிவண்டிக்குத் தனிப்பாதையா? அதெல்லாம் ஐரோப்பியப் பணக்காரன் பொழுதுபோக்கு" என்று ஒரு நண்பர் என்னிடம் சொன்னார். ஐரோப்பாவை அவர் இன்றைய நிழற்படத்தில் பார்க்கிறார். நேற்றையதைப் பார்க்கச் சொல்லுங்கள். நெதர்லாந்து நாட்டில் 1971இல் சாலையில் மாண்டவர்கள் மூவாயிரத்துக்கு மேல். அவர்களில் நானூறுக்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். தாய்மார்கள் தெருவில் இறங்கினார்கள். "குழந்தைக் கொலையை நிறுத்து!" என்பதே அவர்கள் இயக்கத்தின் பெயர். மென்மையான பெயரன்று. விபத்து என்று சொல்ல மறுத்தார்கள், கொலை என்றார்கள். அடுத்து 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடக்கூடாது என்று அரசே ஆணையிட்டது. வெற்றுச் சாலையில் குழந்தைகள் விளையாடினார்கள். "அட, சாலை இப்படியும் இருக்கக்கூடுமா?" என்று அந்நாட்டு மக்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கண்டுகொண்டார்கள். இன்று அங்கே மக்கள்தொகையைக் காட்டிலும் மிதிவண்டிகளின் தொகை மிகுதி. அவர்களுக்குக் காரில்லா ஞாயிறு. நமக்குக் காரில்லாப் பௌர்ணமி. அவர்கள் கண்டதைக் கொண்டு ஒரு நாட்டை மாற்றினார்கள். நாம் மாதந்தோறும் காண்கிறோம். கண்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

சாலையை அகலப்படுத்தினால் எல்லாம் தீரும் என்பார் உளர். அந்த மருந்தையும் இந்த ஊர் பார்த்துவிட்டது. 2015-16இல் கிரிவலப் பாதையை அகலப்படுத்தப் புறப்பட்டார்கள். முதலில் விழுந்தவை எவை? மரங்கள்! வெறுங்காலோடு நடப்பவனுக்கு நிழலைக் காட்டிலும் பெரிய வசதி எது? அந்த வசதியை வெட்டிவிட்டு அவனுக்கு வசதி செய்யப் போனார்கள். ஊரார் குரலெழுப்பினார்கள், பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டுத் தடுத்தது. குரலெழுப்பியவர்களுக்கு இந்த மேடையிலிருந்து என் வணக்கம். அகலம் தவறென்று நான் சொல்லவில்லை. யாருக்காக அகலம் என்று கேட்கிறேன். கூட்டிய அகலத்தில் ஒரு முழங்கூட நடப்பவனுக்குச் சேராவிட்டால், அது நின்றுகிடக்கும் கார்களுக்கு நாம் கட்டிக்கொடுத்த கொட்டகை.

கார் என்றதும் மாட வீதி நினைவுக்கு வருகிறது. நம் முன்னோர் அந்த வீதிகளை அகலமாக விட்டார்கள். தேர் ஓடவேண்டும் என்பதற்காக. தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்கள் ஓடுகின்றன. அம்மன் தேரைப் பெண்களே இழுக்கிறார்கள். வெள்ளைக்காரன் வந்தான், தேருக்குக் "கார்" என்று பெயர் சூட்டினான், தேர்வீதியைக் "கார் ஸ்ட்ரீட்" என்று எழுதினான். அதைப் படித்த கார்க்காரர்கள், தங்களுக்கே எழுதிக்கொடுத்த பட்டா என்று எடுத்துக்கொண்டார்கள்! ஊரே கூடி ஒரு வண்டியை இழுத்தது பழைய காலம். ஆளுக்கொரு வண்டியில் ஏறி ஊரையே நிறுத்துவது புதிய காலம். அண்மையில் மாட வீதியில் காங்கிரீட்டுச் சாலை போட்டார்கள், பளபளப்பாகத்தான் இருக்கிறது. தேர் அதில் ஆண்டுக்கு ஒருநாள் ஓடும். மீதி நாளெல்லாம் அது வண்டி நிறுத்துமிடமாக இருக்கவேண்டுமா, ஊரார் உலவுமிடமாக இருக்கவேண்டுமா என்பதைக் காங்கிரீட்டு முடிவு செய்யாது. நாம்தாம் முடிவு செய்யவேண்டும்.

வணிகத் தோழர்கள் சிலர் அஞ்சுகிறார்கள்: "வண்டியை நிறுத்த விடாவிட்டால் வாடிக்கையாளர் வரமாட்டாரே!" அவர்களை அன்போடு கேட்கிறேன்: உங்கள் கல்லாப்பெட்டி நிறைவது எந்த நாளில்? ஒரு வண்டியும் உள்ளே வர முடியாத பௌர்ணமியில் அல்லவா? கார் சரக்கு வாங்குவதில்லை. கால்தான் கடைக்குள் நுழைகிறது. சென்னையில் பாண்டி பசாரை 2019இல் நடப்போர்க்கான வளாகமாக மாற்றியபோதும் இதே அச்சம் எழுந்தது. அங்கே மாலை வேளையில் போய்ப் பாருங்கள். மக்கள் கூட்டம் விடை சொல்லும்.

நடைபாதை என்றவுடன் சிலருக்கு வீரம் வந்துவிடும். தெருவோரம் பூ விற்கும் பெண்ணின் கூடையைத் தூக்கியெறியக் கிளம்பிவிடுவார்கள். எச்சரிக்கிறேன்! 2014ஆம் ஆண்டுச் சட்டம் சாலையோர வணிகருக்கு உரிமை தந்திருக்கிறது. அவர்களைக் கணக்கெடுத்து, இடம் வரையறுத்து, சான்று தரவேண்டியது நகர நிர்வாகத்தின் கடமை. இரண்டு முழ இடத்தில் உட்கார்ந்திருக்கிற பூக்காரியை ஆக்கிரமிப்பு என்கிறோம். இருபது முழ இடத்தில் நாள்முழுதும் நிற்கிற காரை விருந்தாளி என்கிறோம். இது எந்த ஊர் நியாயம்?

பேருந்துக்கு வருகிறேன். கணக்கு எளிது. ஐம்பது பேர் ஒரு பேருந்தில் போகலாம். அதே ஐம்பது பேர் காருக்கு இருவராகப் போனால் 25 கார். ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தினாலே நூறு மீட்டர் நீளம்! ஆகவே, சாலையை நீட்டவும் வேண்டாம், அகற்றவும் வேண்டாம். பேருந்தைக் கூட்டினால் சாலை தானே பெரிதாகும். தமிழகம் இதை அறியாத நாடன்று. 1972இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று மூவேந்தரையும் பல்லவனையும் பேருந்து ஓட்ட வைத்தோம்! போக்குவரத்து தனியார் இலாபத்துக்கு மட்டும் உரியதன்று, மக்களுக்குரியது என்று நாட்டுடைமையாக்கினோம். சிற்றூர்களுக்காக 1997இல் சிற்றுந்து வந்தது. 2021 மே முதல் நகரப் பேருந்தில் மகளிர்க்குக் கட்டணம் இல்லை. காய்கறி விற்கும் அம்மையார் ஒருவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, அந்தக் காசுலதான் பேரனுக்குப் பால் வாங்குறேன்." இதற்குமேல் ஒரு திட்டத்துக்கு நற்சான்று வேண்டுமா?

ஆனால், கட்டணமில்லாத பேருந்தாயினும் வந்தால்தானே ஏறலாம்! எப்போது வரும் என்று நிறுத்தத்தில் எழுதியிருக்கிறதா? எழுதியிருக்கவில்லை. நிழல் இருக்கிறதா? விளம்பரப் பலகையின் நிழல் இருக்கிறது. பணமுள்ளவன் பெட்ரோலுக்குக் காசு கொடுக்கிறான். ஏழை காத்திருப்பதற்கு நேரம் கொடுக்கிறான். அவனுடைய நேரத்துக்கு விலையில்லை என்று எவர் தீர்மானித்தது? நாடகம் முடிந்த இரவுகளில், ஒப்பனைப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு, கடைசிப் பேருந்து போய்விட்ட சாலையில் விடியும்வரை நடந்த குழுவில் நானும் ஒருவன். அரிதாரம் பாதி கலைந்த அரசர்கள் நாங்கள்! எங்களுக்கு அது கதையாகிவிட்டது. மருத்துவமனையில் இரவுப் பணி முடிந்து திரும்பும் செவிலிக்கு அது அன்றாடம்.

தொடர்வண்டியின் கதையோ தனிக்கதை. விழுப்புரம்–காட்பாடி வழியில் அகலப்பாதைப் பணிக்காக வண்டிகள் நின்றன. பாதை அகலமாயிற்று, சென்னைக்கு நேர்வண்டி மட்டும் நெடுங்காலம் வரவில்லை. 2024 மே மாதத்தில்தான் சென்னைக் கடற்கரை–வேலூர் வண்டியைத் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாக வரவேண்டிய இருப்புப்பாதைக்கோ 2006-07இல் ஒப்புதல் கிடைத்தது. அந்த ஆண்டு பிறந்த குழந்தைகள் வாக்களிக்கும் வயதை அடைந்துவிட்டார்கள். இருப்புப்பாதை இன்னும் தவழவில்லை.

இப்போது நம் கைக்கு எட்டுகிற காரியத்துக்கு வருகிறேன். 2011 கணக்கெடுப்பில் 1,45,278 பேர் வாழ்ந்த நகராட்சி, 2024 ஆகஸ்டில் மாநகராட்சியாயிற்று. மகிழ்ச்சி. பெயர்ப்பலகை பெரிதாயிற்று, நடைபாதை பெரிதாகவேண்டாமா? இந்தியச் சாலைக் காங்கிரசு என்றோர் அமைப்பு இருக்கிறது. பதறவேண்டாம், தோழர்களே, கட்சியன்று, 1934இல் தோன்றிய பொறியாளர் அமைப்பு! நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்கவேண்டும் என்று அது விதித்திருக்கிறது. இரண்டு பேர் எதிரெதிரே உரசாமல் போகலாம். சக்கர நாற்காலியும் போகலாம். சென்னை மாநகராட்சி 2014லேயே நடப்போர்க்கும் மிதிவண்டிக்கும் முதலிடம் என்று ஒரு கொள்கையை ஏற்றது. முழுதும் நிறைவேறிற்றா என்பது வேறு. ஏற்றதாவது ஏட்டில் இருக்கிறது. நம் மாநகராட்சி மன்றம் ஏன் அப்படியொரு தீர்மானம் நிறைவேற்றக்கூடாது?

நான் கேட்பவை மாளிகைகள் அல்ல. தீபத்துக்காக ஊர் எல்லையில் போடும் தற்காலிக நிலையங்களில் இரண்டையாவது நிலையாக்குங்கள். வெளியூர்க் கார் அங்கே நிற்கட்டும், அங்கிருந்து சிற்றுந்து ஓடட்டும். தொடர்வண்டி நிலையம், பேருந்து நிலையம், வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மருத்துவமனை, கோயில் ஆகிய இவற்றை ஒரே சுற்றாக இணைத்துக் கால்மணிக்கொரு பேருந்து விடுங்கள். முதலில் ஒரே ஒரு பள்ளிச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். வண்ணக்கோடு போட்டு மிதிவண்டிப் பாதை என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். கோடு லாரியைத் தடுக்காது, கல் தடுக்கும். இடையே ஒரு கற்கட்டு எழுப்புங்கள். மரமிருந்தால் மரத்தைச் சுற்றிப் பாதை வளையட்டும். மலையையே சுற்றுகிற ஊர், மரத்தைச் சுற்றமாட்டோம் என்றா சொல்லும்?

"இத்தனை பேர் நடக்கிறார்கள், மிதிவண்டியில் போகிறார்கள் என்பதற்குக் கணக்கு எங்கே?" என்று அலுவலகத்தில் கேட்பார்கள். கேட்கட்டும், நியாயமான கேள்வி. வண்டிகளை எண்ணுவதற்கு அவர்களிடம் கருவியுண்டு, காலை எண்ணுவதற்கு இல்லை. ஆகவே நாம் எண்ணுவோம். நாளை திங்கட்கிழமை. காலை ஏழரை மணிக்குச் செங்கம் சாலையில் நான்கு இடங்களில், இடத்துக்கு மூவர், கையில் ஒரு நோட்டும் பென்சிலும். ஒருவர் நடப்போரை எண்ணட்டும், ஒருவர் மிதிவண்டிகளை, ஒருவர் பேருந்திலிருந்து இறங்குவோரை. ஒன்பதரைக்கு முடித்துவிடலாம். மாணவத் தோழர்கள் பள்ளியைக் கெடுத்துக்கொண்டு வரவேண்டாம். நீங்கள் எண்ணப்படவேண்டியவர்கள், எண்ணவேண்டியவர்கள் அல்லர். பன்னிருவர் வேண்டும். பெயர் தருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்புறம் வாருங்கள். நோட்டுகள் அங்கே வைத்திருக்கிறேன்.